ஆறு பாத்திரம் நிறைய ஜெபம்

பாத்திரம் கழுவும் தொட்டியின் முன்னால் நின்று என் அக்கா மார்லீனிடம் ஒரு ரகசியத்தைச் சொல்லித் தொலைத்தேன். அதை அவள் ஒரு ராத்திரிக்கு மேல் வயிற்றில் வைத்திருக்கவில்லை.

ரகசியம் இதுதான். எங்கள் சர்ச் நடத்தும் கோடை முகாமில் மஞ்சள் குழுவுக்கு நான் பொறுப்பு. அதில் கெஸ்ஸி என்று எட்டு வயதுப் பெண் ஒருத்தி. நேற்று அவள் தலையில் ஒட்டியிருந்த உண்ணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, "மிஸ், கார் சீட்டுல உண்ணி இருக்குமா?" என்று கேட்டாள். எதற்கு இந்தக் கேள்வி என்று தோண்டியதில் விஷயம் வெளியே வந்தது. அவளும் அவள் அம்மா டானெட்டும் ஒரு மாதமாகக் காரில்தான் தூங்குகிறார்கள். டானெட் வேலை பார்க்கிற சலவைக் கடைக்குப் பின்னால், அந்த ஓட்டை நீல பியூக் வண்டியில்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மிஸ். தெரிஞ்சா என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். சாயங்காலமே மீறினேன்.

காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் அம்மா பனிக்காலத்தில் கண்ணை மூடியதிலிருந்து ஹிக்கரி தெருவில் அவள் வீடு பூட்டிக் கிடக்கிறது. பாதி என்னுடையது, பாதி மார்லீனுடையது. ஆளுக்கொரு சாவி. வெளியூர்ப் பிரசங்கிகள் வந்து தங்குவதற்கு அதைச் சர்ச்சுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அக்கா என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறாள். நான் இன்னும் தலையாட்டவில்லை. "டானெட்டுக்கு ஒரு இடம் அமையற வரைக்கும் அம்மா வீட்டுல இருக்கட்டுமேக்கா. சும்மாதானே கிடக்கு?" என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

மார்லீன் ஈரக் கையைத் துடைத்துவிட்டு என் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினாள்.

"இதுக்காக நான் ஜெபம் பண்றேண்டி."

எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். முடியாது என்று அர்த்தம். முகத்துக்கு நேரே முடியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், இப்படித்தான் சொல்வார்கள். அது தெரிந்தும் நம்பினேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் முகாமில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் கூடத்தில் வட்டமாக நின்று, கைகோத்து ஜெபிப்பது வழக்கம். என் அத்தான் டுவெய்ன்தான் பாஸ்டர், அவரேதான் முகாமுக்கும் தலைவர். "ஜெபக் குறிப்பு யாருக்காவது இருக்கா?" என்று கேட்பார். ஒருத்தி தன் முழங்கால் வலியைச் சொல்வாள். இன்னொருத்தி வேலை போன மருமகனைச் சொல்வாள். என் வலது கையைப் பிடித்திருந்த வில்மாவின் உள்ளங்கை பிசுபிசுவென்று வேர்த்திருந்தது.

மார்லீன் கண்ணை மூடியபடியே ஆரம்பித்தாள். குரல் தழுதழுத்தது. அந்தத் தழுதழுப்பு அவளுக்கு நினைத்த நேரத்தில் வரும்.

"பேரு சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். நம்ம மஞ்சள் குழுவுல ஒரு சின்னப் பொண்ணு. அப்பன் விட்டுட்டுப் போயிட்டான். அம்மாக்காரிக்கு சலவைக் கடையில வேலை. தலை சாய்க்க இடமில்லாம ரெண்டும் ஒரு நீலக் கார்ல, அந்தக் கடைக்குப் பின்னாடியே..."

அதற்கு மேல் பேச முடியாதவள்போல மூக்கை உறிஞ்சினாள்.

பேர் சொல்லவில்லையாம்! ஊரில் இருப்பது ஒரே ஒரு சலவைக் கடை. அதில் வேலை பார்ப்பவள் ஒரே ஒருத்தி.

"ஐயோ பாவம்", "ஆண்டவரே" என்று வட்டம் முழுக்க முனகல். அந்த முனகலில் எவ்வளவு ருசி! வில்மா ஒற்றைக் கண்ணைத் திறந்து அந்தப் பக்கத்துக்காரியைப் பார்த்தாள். அவளும் கண்ணைத் திறந்து இவளைப் பார்த்தாள்.

வட்டம் கலைந்ததும் அக்காவை மேடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"உன்கிட்ட என்ன சொன்னேன் நான்? வெளிய விடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"நான் யார்கிட்டடி சொன்னேன்? ஆண்டவர்கிட்டதானே சொன்னேன்?"

"இத்தனை பேரைச் சுத்தி நிக்க வெச்சுக்கிட்டா?"

"எல்லாரும் சேர்ந்து கேட்டா பலம் ஜாஸ்தி."

"ஆண்டவருக்கு சலவைக் கடை எங்க இருக்குன்னு தெரியாதாக்கா? நீ வழி சொன்னாத்தான் தெரியுமா?"

"ரோ, உனக்கு எப்பவுமே இந்த வாய்தான்." என் கழுத்தில் கோணலாகத் தொங்கிய விசிலை நேராக்கிவிட்டாள். "ஊழியம் பண்ற இடத்துல கோபம் ஆகாது."

"அம்மா வீட்டு விஷயம் என்னாச்சு? அதைச் சொல்லு."

"அதுக்கும்தான் ஜெபம் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் போன பிறகும் அவள் பூசியிருந்த பன்னீர் வாசனை அங்கேயே நின்றது. சகிக்கவில்லை.

வியாழக்கிழமை என்றால் முகாமில் சேற்று விளையாட்டு. சேறு என்று பேர்தான், உள்ளே இருப்பதெல்லாம் சாப்பாடு. பிள்ளைகள் குளிக்கிற பெரிய ரப்பர் தொட்டியில் ஆறிப்போன ஸ்பகெட்டி நூடுல்ஸைக் கொட்டி, வாளி வாளியாகச் சாக்லேட் புட்டிங் ஊற்றி, காலாவதியான சோளப்பொரியைத் தூவி, நடுநடுவே ஜெல்லி மிட்டாய்ப் புழுக்களைப் புதைத்து வைப்பார்கள். பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயாலேயே புழுவைக் கவ்வி எடுக்க வேண்டும். எல்லாரும் பன்றிக்குட்டி மாதிரி ஆன பிறகு டுவெய்ன் அத்தான் குழாயை எடுத்து நீரைப் பீய்ச்சியடிப்பார். "பாத்தீங்களா, பாவம் இப்படித்தான் அப்பிக்கும்! கழுவினாத்தான் போகும்!" என்று கத்துவார். வருஷா வருஷம் அதே கத்தல்தான்.

முப்பத்தைந்து டிகிரி வெயிலில் அந்தப் புட்டிங் நொதித்து எழுப்பிய நாற்றம் இருக்கிறதே, உவ்வே! ஈ மொய்க்கிறது. ஒரு பையன் தும்மினான், மூக்கிலிருந்து ஸ்பகெட்டி வந்தது. பெரியவர்கள் சிரித்துச் சிரித்துப் படம் எடுத்தார்கள். வழக்கமாக முதல் ஆளாகப் படம் எடுக்கிற மார்லீனை மட்டும் காணவில்லை. கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

மற்ற பிள்ளைகள் எல்லாம் சேற்றைத் துப்பித் துப்பிப் புழுவைத் தேடினார்கள். கெஸ்ஸி துப்பவில்லை. புழுவையும் தேடவில்லை. குனிந்த தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தாள்.

எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் தொட்டிக்குள் இறங்கி அவளை வாரி எடுத்துக்கொண்டு வந்தேன்.

"என்னடா கண்ணு, காலையில ஒண்ணும் சாப்பிடலையா?"

"சலவைக் கடையில காசு போட்டா பிஸ்கட் வர்ற மிஷின் இருக்குல்ல, அதுல தீந்துபோச்சு மிஸ். இன்னிக்குத்தான் ஆள் வந்து ரொப்புவாங்க." வாயைப் புறங்கையால் துடைத்தாள். "அது நல்லாத்தான் இருந்துச்சு. மேல இருக்குற ஈயைத் தள்ளிட்டுத்தான் சாப்பிட்டேன்."

சமையல் கட்டுக்குக் கூட்டிப்போய்க் கடலை வெண்ணெய் தடவி ரொட்டி கொடுத்தேன். சாப்பிட்டாள். இன்னொன்று கொடுத்தேன். அதைக் கைக்குட்டையில் சுற்றி, "அம்மாவுக்கு" என்று பைக்குள் வைத்தாள்.

வெளியே அத்தான் பாவத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாதிப் பெண்களைக் காணோம். "வில்மா வீட்டுக்கு ஓடுறா, ஓவன் பத்தவைக்க" என்று சமையல்காரி கண்ணடித்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரில் ஒருவர் இறந்தாலும், பிள்ளை பெற்றாலும், ஆஸ்பத்திரியில் படுத்தாலும், கோழிக்கறியும் சீஸும் நூடுல்ஸும் கலந்து ஓவனில் சுட்டு, கண்ணாடிப் பாத்திரத்தோடு வாசலில் வைத்துவிடுவார்கள். வாசலே இல்லாதவளுக்கு எங்கே போய் வைப்பார்கள்?

அதற்குள் டுவெய்ன் அத்தான் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய அறையில் மட்டும் ஏசி. மேஜையில் காலை நீட்டியபடி, குச்சியில் குத்திய சாஸேஜைக் கடுகுச் சாந்தில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வா ரோவெனா, உக்காரு. அந்தப் பொண்ணு கெஸ்ஸி. நாளைக்குப் பெத்தவங்க எல்லாம் வர்ற சாயங்காலம். லிட்டில் ராக் சிட்டியிலேர்ந்து பணம் குடுக்கிற ஆளுங்களும் வர்றாங்க. அவளை மேடையில நிக்க வெச்சு நாலு வார்த்தை பேச வெச்சா எப்படி இருக்கும்?"

"என்ன பேசறது?"

"அவ கதைதான். கார்ல தூங்கினேன், இந்த முகாமுக்கு வந்தேன், ஆண்டவர் என்னைப் பாத்துக்கிட்டார். அவ்வளவுதான். சின்னப் பிள்ளை, அழுதாலும் பரவாயில்ல. கேக்குறவங்க மனசு இளகும்."

"எட்டு வயசு அத்தான் அவளுக்கு. அவ அம்மாகிட்ட கேட்டீங்களா?"

"அந்தம்மாவைக் கேக்க வேண்டியதில்ல." உதட்டோரம் வழிந்த மஞ்சளை விரலால் துடைத்து நக்கினார். "நான் கவுன்ட்டி ஆபீஸுக்குப் போன் பண்ணிட்டேன். பிள்ளைங்களைப் பாத்துக்கிற டிபார்ட்மெண்ட். நாலு மணிக்கு ஒரு அம்மா வந்து இவளை எடுத்துக்குவாங்க. நாளைக்கு மட்டும் விசேஷத்துக்குக் கூட்டிட்டு வாங்கன்னு நானே கேட்டுக்கறேன்."

"ஏன் அத்தான் போன் பண்ணினீங்க?"

"இவ்வளவு பேருக்குத் தெரிஞ்சுபோச்சேம்மா! இதுக்கப்புறமும் நான் சும்மா இருந்தா, நாளைக்கு என் தலைதான் உருளும்."

"தெரிய வெச்சது உங்க பொண்டாட்டி."

"மார்லீனுக்கு இளகின மனசு." அடுத்த சாஸேஜை எடுத்தார். "சட்டம்னு ஒண்ணு இருக்கே, நான் என்ன பண்ண முடியும்? அட்ரஸ்னு ஏதாவது ஒண்ணு இருந்திருந்தா வேற மாதிரி. காருக்கு ஏது அட்ரஸ்? நீ ஒண்ணு பண்ணு. சாயங்காலம் கார் வரிசைக்கு அவளைக் கூட்டிட்டு வராதே. கைவேலை ரூம்ல உக்கார வெச்சுக் கதவைச் சாத்திடு."

வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டேன். அந்த மனிதர் கையைப் பிடித்துத்தான் நான் ஞானஸ்நானம் எடுத்தேன். இப்போது நினைத்தால் அந்தத் தண்ணீரைக்கூடக் கழுவிக்கொள்ள வேண்டும்போல அருவருப்பாக இருந்தது.

அட்ரஸ் வேண்டுமாம். என் இடுப்புச் சாவிக்கொத்தில் ஓர் அட்ரஸ் தொங்கிக்கொண்டுதானே இருக்கிறது? நேற்றே அதைக் கழற்றி டானெட் கையில் கொடுத்திருக்கலாம். பாதி வீடு என்னுடையது. அதற்கு எதற்காக அக்காவிடம் போய்ப் பல்லிளித்துக் கேட்டேன்? சின்ன வயதிலிருந்து எல்லாவற்றுக்கும் அவளைக் கேட்டே பழகிய புத்தி.

முகாம் முடிந்ததும் கார்கள் வாசல் வரைக்கும் வரிசை கட்டும். கண்ணாடியில் பிள்ளையின் பேர் எழுதிய அட்டை இருக்கும். பார்த்துப் பார்த்துப் பிள்ளையைக் கொண்டுபோய் ஏற்ற வேண்டியது எங்கள் வேலை. நான் கைவேலை அறைக்குப் போகவில்லை. கெஸ்ஸியின் கையை இறுகப் பிடித்தபடி வரிசைக்கு வந்தேன்.

நீலக் கார் வந்து நின்றது. டானெட் கெஸ்ஸிக்காகக் கதவைத் திறக்கவில்லை. தானே இறங்கினாள். அவள் எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு மேலே, எப்போதும் மெல்லப் பேசுகிறவள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

பின் கதவைத் திறந்தாள். சீட் முழுக்க அலுமினியத் தாள் மூடிய கண்ணாடிப் பாத்திரங்கள். ஒன்றை எடுத்து, வரிசைக்குப் பக்கத்தில் இருந்த சாப்பாட்டு மேஜையில் நங்கென்று வைத்தாள். பாத்திரம் திரும்பி வர வேண்டும் என்பதற்காக எங்கள் ஊர்ப் பெண்கள் அடியில் பேர் எழுதிய பட்டையை ஒட்டி வைப்பார்கள். ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள்.

"வில்மா கேட்ஸ்! வாங்கிக்கங்க. ஓப்பல் டிங்கர்! இந்தாங்க. இது யாரு, அடடே, பியானோ வாசிக்கிற அம்மா!"

பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த கார்கள் ஒன்றொன்றாக அடங்கின. வில்மா தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மத்தியானம் வெளிய வர்றேன், காரோட மூக்கு மேல ஆறு பாத்திரம். ஒரு ஆளைக் காணோம்! கடைக்குள்ள எட்டிப் பாத்து, எப்படி இருக்கே டானெட்னு கேக்க ஒருத்திக்கு வாய் வரல. வெயில்ல சீஸ் உருகி என் கண்ணாடியெல்லாம் வழிஞ்சு கிடக்கு. என் முதலாளி பாத்துட்டுக் கேக்குறான், என்ன டானெட், யாரு செத்துட்டாங்கன்னு!"

"இதுல சீட்டு வேற! நாப்பது நிமிஷம் ஓவன்ல சூடு பண்ணவும்! எந்த ஓவன்லம்மா? காருக்குள்ளயா? கழுவித்தான் திருப்பிக் குடுக்கணும், மரியாதை தெரியும் எனக்கு. கழுவ இடமில்ல. அப்படியே எடுத்துக்கங்க."

கடைசிப் பாத்திரத்தை என் நெஞ்சில் இடிக்கிற மாதிரி நீட்டினாள். பச்சைக் கண்ணாடி. அது எங்கள் அம்மாவுடையது. அடியில் அம்மாவின் கோணல் எழுத்தில் 'ப்ரூவிட்' என்று எங்கள் குடும்பப் பேர். ஹிக்கரி தெரு வீட்டு அலமாரியில் இருந்த பாத்திரம் இது.

"என் பொண்ணு உன் ஒருத்திகிட்டதான் சொன்னா ரோவெனா."

கெஸ்ஸி என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் கைக்குள் இருந்த அவள் விரல்கள் மெல்ல நழுவின.

"ஆமா. நான்தான் எங்கக்காகிட்ட சொன்னேன். உங்களுக்கு எங்கம்மா வீட்டைக் கேக்கப் போய் உளறிட்டேன். என்னைத் திட்டு, அறைஞ்சாலும் வாங்கிக்கறேன். ஆனா வண்டியில போயிட்டே திட்டு. நாலு மணிக்குக் கவுன்ட்டியிலேர்ந்து ஆள் வருது, இவளைக் கூட்டிட்டுப் போக."

டானெட்டின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று. "எங்கடி போறது? எங்க போனாலும் இந்தக் கார்தானே?"

சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினேன். "அட்ரஸ்தானே வேணும் அவங்களுக்கு? இனிமே உன் அட்ரஸ் ஹிக்கரி தெரு. கடைசி வீடு. ஏறு."

அதற்குள் மார்லீன் கூடத்திலிருந்து ஓடி வந்துவிட்டாள். பின்னாலேயே அத்தான்.

"ரோ! அவளை உள்ள கூட்டிட்டுப் போ! எங்கடி கிளம்பிட்டே?"

"அம்மா வீட்டுக்கு. என் பாதிக்கு."

அக்காவின் முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று. அது கோபம் இல்லை. "அங்க போகாதேடி. சொன்னாக் கேளு, இப்ப வேணாம்."

"பெரிய தப்பு பண்றே ரோவெனா" என்றார் அத்தான்.

"ரொம்ப வருஷமாப் பண்ணிட்டேன் அத்தான், இன்னியோட நிறுத்திக்கறேன்." விசிலைக் கழற்றி வில்மாவின் கோழிக்கறி மேல் போட்டேன். "ஜெபம் பண்ணுக்கா. அது ஒண்ணுதானே உனக்கு வரும்!"

கார் கிளம்பியது. உள்ளே பழைய காலுறையும், வறுவல் எண்ணெயும், உருகிய சீஸும் கலந்த வாடை. பச்சைப் பாத்திரம் என் மடியில் சுட்டது. அதைத் தூக்கி எறியக் கை பரபரத்தது, அம்மாவுடையதாயிற்றே என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

"உன்னை மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதே" என்றாள் டானெட், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நெனைக்கல."

"மிஸ்ஸை ஏம்மா திட்டுறே? மிஸ் எனக்கு ரொட்டி குடுத்தாங்க" என்றாள் பின்சீட்டிலிருந்து கெஸ்ஸி. பையைத் திறந்து அந்தக் கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்து அம்மாவின் தோள் வழியாக நீட்டினாள். டானெட் வாங்கிக்கொண்டாள். அவளால் உடனே சாப்பிட முடியவில்லை.

ஹிக்கரி தெருக் கடைசியில் அம்மா வீட்டு முன்னால் இறங்கினோம். புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. கெஸ்ஸி படிகளில் தாவி ஏறி, ஜன்னலில் மூக்கை அழுத்தி உள்ளே பார்த்தாள். "அம்மா, கட்டில் இருக்கு! சோபாகூட இருக்கு!"

சாவியைப் போட்டேன். நுழையவில்லை. திருப்பிப் போட்டேன். அப்போதும் நுழையவில்லை.

குனிந்து பார்த்தேன். கதவில் புத்தம் புதுப் பூட்டு, பளபளவென்று மஞ்சள் உலோகம். சுற்றிலும் பழைய பூட்டைப் பெயர்த்த காயம். கால்மிதியின் மேல் மரத்தூள் இன்னும் கலையாமல் கிடந்தது. காலையில் கடைக்குப் போனாளாமே என் அக்கா! எனக்குச் சாவி இல்லாமல் பண்ணிவிட்டு, போகிற போக்கில் அம்மாவின் பாத்திரத்தையும் எடுத்துப்போய், வீடில்லாதவளுக்குக் கோழிக்கறி சுட்டுக் கொடுத்திருக்கிறாள். தூ!

தெருமுனையில் கவுன்ட்டி முத்திரை போட்ட ஒரு வெள்ளைக் கார் திரும்பியது. வீட்டு எண்களைப் பார்த்தபடி மெதுவாக வந்துகொண்டிருந்தது. இங்கேதான் வருவோம் என்று யார் சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்பதை நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. டானெட் கெஸ்ஸியை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

கெஸ்ஸி அந்தப் பூட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"மிஸ், இதுக்கும் ஜெபம் பண்ணிட்டாங்களா?"

பாதி வீடு என்னுடையது என்றால் பாதி ஜன்னலும் என்னுடையதுதான். பச்சைப் பாத்திரத்தை இரண்டு கையாலும் ஓங்கிப் பிடித்துக்கொண்டு சமையல் கட்டு ஜன்னல் பக்கம் நடந்தேன்.